பத்துப் பேருக்கு ரெண்டு டோஸ்: எதிக்ஸ் கமிட்டில உக்காரப் போறவங்களுக்கு

மதுரைல மருந்து ட்ரையல் (புது மருந்த பேஷண்டுக்கு குடுத்து சோதிச்சுப் பாக்குறது) நடக்குற ஆஸ்பத்திரி ஒண்ணு ரெண்டு இல்ல, அதனால ரிட்டயர்டு வாத்தியார், பேங்க்காரர், எல்ஐசி ஆபீசர், தெருவுல நல்ல மனுசன்னு பேர் வாங்குனவர் இப்படி யாரையாவது புடிச்சு "எங்க எதிக்ஸ் கமிட்டில லே பெர்சனா இருங்க சார்"னு கேக்குறது அடிக்கடி நடக்குறது தான். எதிக்ஸ் கமிட்டின்னா ட்ரையல் நியாயமா நடக்குதான்னு பாக்குற குழு, லே பெர்சன்னா அதுல உக்கார்ற டாக்டரும் வக்கீலும் இல்லாத சாதாரண ஆளு. கேட்டா சரின்னுருங்க. ஆனா டீயும் போண்டாவும் சாப்ட்டுட்டு காட்டுன எடத்துல கையெழுத்து போட்டுட்டு வர்ற வேலைன்னு நெனச்சு போயிராதீங்க. மருந்து கொஞ்சூண்டு இருக்கு, கேக்குறவங்க நெறய இருக்காங்க, அந்த மருந்து வேலை செய்யுமான்னே இன்னும் தெரியாது, இந்த மூணும் ஒரே எடத்துல சேர்றப்போ "யாருக்கு?"ங்கிற கேள்விக்கு ஒரு விதி சொல்லியாகணும், அந்த விதிக்கு கீழ உங்க கையெழுத்தும் இருக்கும். நானும் ஒரு கமிட்டில லே மெம்பர், டாக்டரும் இல்ல வக்கீலும் இல்ல. புதுசா வர்றவங்க கிட்ட வாய் வலிக்க சொல்றத இங்க எழுதி வச்சிடறேன்.

உங்க வேலை எது, எது இல்ல

2019ல வந்த புது மருந்து மற்றும் கிளினிக்கல் ட்ரையல் விதிகள் படி கமிட்டில கொறஞ்சது 7 பேர் இருக்கணும், அதுல பாதிப்பேராவது அந்த ஆஸ்பத்திரி சம்பளம் வாங்காதவங்களா இருக்கணும், தலைவர் வெளியாள், ஒரு பெண்ணாவது இருக்கணும், சட்டம் தெரிஞ்ச ஒருத்தர், லே பெர்சன் ஒருத்தர். கோரத்துக்கு, அதாவது மீட்டிங் செல்லுபடியாக, கொறஞ்சது 5 பேர், அந்த அஞ்சுல லே பெர்சனும் கட்டாயம். நீங்க வரலைன்னா அன்னிக்கி எடுத்த முடிவே செல்லாதுன்னு அர்த்தம். இத மனசுல வச்சுக்கங்க, ஏன்னா சுத்தி எம்டி, டிஎம்னு உக்காந்து பேசுறப்போ நமக்கு என்னத்த தெரியும்னு வாயை மூடிக்கத் தோணும்.

ட்ரையல்ல பேஷண்டை எடுக்குறது ட்ரையல் நடத்துற டாக்டரோட வேலை. யார யார எடுக்கலாம், யார எடுக்கக் கூடாதுன்னு ப்ரோட்டோகால்ல (ட்ரையல எப்படி நடத்தணும்னு எழுதி வச்ச திட்டம்) ரெண்டு லிஸ்ட் இருக்கும், அது நியாயமா இருக்கான்னு பாக்குறது தான் கமிட்டி வேலை. இன்னொரு வகை இருக்கு, அதுல தான் தலைவலி. இந்தியால இன்னும் அனுமதி வாங்காத மருந்த, வேற வழியே இல்லாத பேஷண்டுக்காக அரசு ஆஸ்பத்திரி சிடி-24 பாரம் போட்டு வெளிநாட்டுல இருந்து வரவழைக்கலாம். தனி ஆளு சொந்த உபயோகத்துக்கு கொண்டு வர்றதுக்கு பாரம் 12ஏ தனியா இருக்கு. அப்படி ரெண்டு டோஸ் வந்து இறங்குது, வார்டுல பத்துப் பேர் இருக்காங்கன்னு வைங்க. அங்க ப்ரோட்டோகால் லிஸ்ட்டு கெடையாது. அப்ப டீன் கமிட்டியப் பாப்பாரு, கமிட்டி உங்களப் பாக்கும்.

மொத கேள்வி: இது மருந்தா, பரீட்சையா?

கெடைக்காத பொருளுக்கு தான் மவுசு ஜாஸ்தி. 2021 மே மாசம் மறந்துருக்காது. மதுரை மெடிக்கல் காலேஜ்ல கோவிட்டுக்கு போடுற ரெம்டெசிவிர் ஊசிக்கு கவுண்டர் தொறந்தாங்க, ஒரு குப்பி 1,568 ரூபா, ஆறு குப்பி வாங்க ஆதார், டாக்டர் சீட்டு, ஆர்டிபிசிஆர் ரிப்போர்ட்டுன்னு கைல கட்டு கட்டா பேப்பர வச்சுக்கிட்டு வெயில்ல சனம் நின்னுச்சு, வெளில என்ன வெலைக்கு வித்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே, 2020 நவம்பர்லயே, ஆஸ்பத்திரில படுத்திருக்க கோவிட் பேஷண்டுக்கு இத போட வேணாம்னு டபிள்யூஎச்ஓ சொல்லியாச்சு, சாவை கொறைக்குதுன்னு அவங்க ட்ரையல்ல தெரியல. கோவிட்ல இருந்து பொழச்சவங்க ரத்தத்துல எடுக்குற ப்ளாஸ்மாவும் அதே கதை தான், மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐசிஎம்ஆர் 39 ஆஸ்பத்திரில 464 பேர வச்சு பாத்துட்டு பிரயோஜனம் இல்லைன்னு 2020லயே சொல்லிருச்சு, அதுக்கப்பறமும் "ஏ பாசிட்டிவ் ப்ளாஸ்மா அர்ஜென்ட்"னு வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டே இருந்துச்சு.

எபோலா கதை இன்னும் கஷ்டம். 2014ல சியரா லியோன்ல எபோலா பேஷண்டுகள பாத்துக்கிட்டு இருந்த டாக்டர் ஷேக் உமர் கானுக்கே எபோலா வந்துருச்சு. ஜிமேப்னு ஒரு மருந்து, மனுசனுக்கு அது வரைக்கும் போட்டதே இல்ல, அவர் படுத்திருந்த சென்டர்லயே ஐஸ் பெட்டில இருந்துச்சு. போடலாமா வேணாமான்னு டாக்டருங்க பேசுனாங்க. மருந்து போட்டு அவர் செத்துட்டா வெள்ளக்காரன் ஊசி போட்டு எங்க டாக்டர கொன்னுட்டான்னு ஊரே நம்பாம போயிரும்னு பயந்து வேணாம்னு முடிவெடுத்தாங்க. அவர் கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஜூலை 29ம் தேதி அவர் எறந்துட்டாரு. அதே மருந்து லைபீரியால ரெண்டு அமெரிக்கர்களுக்கு போச்சு, அவங்க பொழச்சாங்க. உலகமே கொதிச்சுச்சு. நியாயமான கோவம் தான், ஆனா அந்தக் கதை அதோட முடியல. 2018ல காங்கோல ஒழுங்கா ட்ரையல் வச்சு பாத்தப்போ ஜிமேப் போட்டவங்கள்ல ஏறக்குறைய பாதிப்பேர் எறந்தாங்க, வேற ரெண்டு மருந்து போட்டவங்கள்ல மூணுல ஒருத்தர் தான். உலகமே சண்ட போட்ட மருந்து ரேஸ்ல பின்னாடி நின்னுச்சு.

அதனால மீட்டிங்ல ஒவ்வொரு தடவையும் நீங்க கேக்க வேண்டிய மொத கேள்வி, "டாக்டர், இந்த மருந்து கெடைக்காதவங்க என்னத்த இழக்குறாங்க, உறுதியா தெரியுமா?"ங்கிறது தான். தெரியாதுன்னு சொன்னா, நீங்க பங்கு வைக்கிறது ஒரு வாய்ப்பையும் ஒரு ஆபத்தையும் சேர்த்து தான். எடம் கெடைச்சவங்களுக்கு லாட்டரி அடிச்ச மாதிரி பேசுறத மொதல்ல கமிட்டிக்குள்ள நிறுத்தணும், அப்பறம் தான் வார்டுல நிறுத்த முடியும். ஆனா கான் விசயத்துல அவங்க செஞ்ச ஒரு தப்ப நீங்க செய்யாதீங்க, சம்பந்தப்பட்ட ஆளு சுயநினைவோட இருக்கறப்போ அவர் கிட்ட கேக்காம அவருக்காக முடிவெடுக்குறது. வேணாம்னு சொல்றதுக்கு உங்களுக்கு காரணம் இருக்கலாம், ஆனா அவருக்கு விசயமே தெரியாம இருக்கக் கூடாது.

பேரு தெரியுறதுக்கு முன்னாடி விதிய எழுதிருங்க

இந்த ஒண்ணு மட்டும் செஞ்சாலே பாதி வில்லங்கம் கொறைஞ்சிரும். பேஷண்ட் பேரு, ஊரு, போட்டோ எதுவும் மேஜைக்கு வர்றதுக்கு முன்னாடி, யாருக்கு மொதல்ல, சமமா இருந்தா எப்படி பிரிக்கிறது, யாரு முடிவு சொல்றது, இத ஒரு பக்கத்துல எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டு தேதி போட்டு மினிட்ஸ்ல வச்சிருங்க. பேரு வந்துருச்சுன்னா அவ்வளவு தான், ஒவ்வொருத்தரும் ஒரு பேஷண்டுக்கு வக்கீலா மாறிடுவாங்க, அப்ப எழுதுற விதி அந்த ஆளுக்கு அளவெடுத்து தைச்சதா தான் இருக்கும்.

விதி எழுதாம ஆளோட வெவரத்த பாத்து தேர்ந்தெடுத்தா எப்படி போகும்னு பாக்கணும்னா அமெரிக்கால சியாட்டில்ல நடந்தத பாருங்க. 1960ல பெல்டிங் ஸ்க்ரிப்னர்ங்கிற டாக்டர் கைல நிரந்தரமா ஒரு குழாய் வச்சு திரும்பத் திரும்ப டயாலிசிஸ் பண்ண வழி கண்டுபிடிச்சாரு. அது வரைக்கும் கிட்னி மொத்தமா போனா ஆளும் போக வேண்டியது தான். மெஷினு கொஞ்சம், சாகக் கெடக்குறவங்க ஏகப்பட்ட பேர். டாக்டருங்க மெடிக்கலா வடிகட்டுனதுக்கு அப்பறம் மிச்சத்த ஊர்க்காரங்க 7 பேர் கொண்ட ஒரு கமிட்டி கிட்ட விட்டாங்க. வக்கீல், பாதிரியார், பேங்க்காரர், ஒரு இல்லத்தரசி, தொழிற்சங்கத் தலைவர், அரசு அதிகாரி, ஒரு சர்ஜன். கிட்டத்தட்ட நம்ம கமிட்டி தான். அவங்க என்னத்த பாத்தாங்க தெரியுமா, கல்யாணம் ஆயிருச்சா, எத்தன பிள்ளைங்க, என்ன சம்பாத்தியம், சர்ச்சுக்கு ஒழுங்கா போறாரா. 1962ல லைப் பத்திரிகைல இது வெளிவந்ததும் நாடே திகைச்சுப் போச்சு. கெட்டவங்க இல்ல அவங்க, நல்ல மனசோட தான் உக்காந்தாங்க, ஆனா விதி இல்லாம உக்காந்ததால அவங்கவங்க வீட்டு மாதிரி இருக்கவங்க அவங்கவங்களுக்கு நல்லவங்களா தெரிஞ்சாங்க. கடைசில 1972ல டயாலிசிஸ் செலவ அரசாங்கமே ஏத்துக்கிட்டு சட்டம் வந்து தான் அந்த கமிட்டிக்கு வேலை இல்லாம போச்சு.

நம்ம ஊர்ல சர்ச்சுக்கு போறாரான்னு கேக்க மாட்டாங்க. "நல்ல குடும்பம் சார்"னு சொல்வாங்க. "ஒத்தப் பிள்ளை சார்", "அந்த வீட்டுக்கு இவன் ஒருத்தன் சம்பாத்தியம் தான்", "இவரு குடிகாரர், குடுத்து என்ன பிரயோஜனம்". இன்னும் கீழ எறங்கி, மெதுவா காதுகிட்ட, "நம்மாளு தான்". இதுல எதையும் மருந்தோட சம்பந்தப்படுத்த முடியலைன்னா விதில ஏறக் கூடாது. குடிச்சு ஈரல் கெட்டுப் போயி அந்த மருந்து ஈரலுக்கே விசமாகும்னா அது மெடிக்கல் காரணம், எழுதுங்க. குடிச்சான், அதனால தகுதி இல்லங்கிறது தண்டனை, ஆஸ்பத்திரி கோர்ட்டு கெடையாது.

வழக்கமா சொல்ற வழிங்க, ஒவ்வொண்ணுலயும் இருக்க ஓட்டை

மொதல்ல வந்தவங்களுக்கு மொதல்ல. கேக்க நியாயமா இருக்கும். ஆனா யாரு மொதல்ல வர்றாங்க? கே.கே.நகர்ல இருந்து கார்ல பத்து நிமிசத்துல வர்றவரும், எழுமலைல இருந்து மொத பஸ் புடிச்சு உசிலம்பட்டி மாறி ஆரப்பாளையத்துல எறங்கி இன்னொரு பஸ் ஏறி பெரியாஸ்பத்திரி வாசலுக்கு வர்றவரும் ஒரே கியூல நிக்கலீங்க. ட்ரையல் ஆரம்பிக்குதுங்கிற தகவலே ஒருத்தருக்கு டாக்டர் மச்சான் மூலமா வரும், இன்னொருத்தருக்கு எடம் நெரம்புன பிறகு வரும். ரெம்டெசிவிர் கவுண்டர்ல நின்னதும் பேஷண்ட் இல்லையே, நிக்கிறதுக்கு ஆளு இருந்த வீடு தான நின்னுச்சு. அத அரசாங்கமே புரிஞ்சுக்கிட்டு மே 18ல இருந்து கவுண்டர மூடிட்டு ஆஸ்பத்திரிங்களே ஆன்லைன்ல கேட்டு வாங்கிக்கன்னு மாத்துனாங்க. கியூ வேணும்னா பேர் பதியுறதுக்கு ரெண்டு மூணு வாரமாவது டைம் குடுங்க, அந்த கெடுவுக்குள்ள யாரு எப்ப வந்தாலும் ஒரே வரிசைன்னு வைங்க.

ரொம்ப முடியாதவங்களுக்கு மொதல்ல. மனசு இங்க தான் போகும். ஆனா மருந்து வேலை செய்யவே முடியாத கட்டத்துக்கு போனவருக்கு குடுத்தா அவருக்கும் பக்க விளைவு தான் மிச்சம், டோஸும் போச்சு. டாக்டர் கிட்ட கேளுங்க, "எந்த கட்டத்துக்கு மேல இது வேலைக்காகாது, அதுக்கு என்ன ஆதாரம்?" பதில் நம்பர்ல வரணும், "பாத்தா தெரியும் சார்"னு வந்தா ஒத்துக்காதீங்க.

சின்னப் பிள்ளைங்களுக்கு மொதல்ல. சில எடத்துல வயசு மெடிக்கல் காரணமே தான். எஸ்எம்ஏ-ங்கிற தசை வியாதிக்கு 16 கோடி ஊசின்னு பேப்பர்ல பாத்திருப்பீங்க, ஜோல்ஜென்ஸ்மா, அமெரிக்கால 2019ல அனுமதி குடுத்ததே ரெண்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளைங்களுக்கு தான், லேட்டாக லேட்டாக நரம்பு செத்துக்கிட்டே வரும், செத்தது திரும்பாது. அங்க வயசு வைக்கலாம். ஆனா அறுபது வயசுக்காரருக்கும் நாப்பது வயசுக்காரருக்கும் மருந்து ஒரே மாதிரி வேலை செய்யும்னா, வயசை வெட்டுக்கோடா வைக்கிறதுக்கு காரணம் எழுத்துல கேளுங்க. இன்னொண்ணு, பிள்ளைன்னா அப்பா அம்மா கையெழுத்து மட்டும் பத்தாது, 7 வயசுக்கு மேல பிள்ளை கிட்டயே கேக்கணும்னு ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல் சொல்லுது, 12க்கு மேல எழுத்துலயே வாங்கணும்.

காசு குடுக்குறவங்களுக்கு. இத யாரும் வெளிப்படையா சொல்ல மாட்டாங்க. "சப்போர்டிவ் கேர் பேஷண்ட் செலவு"னு, அதாவது மருந்து கூட பாக்குற மத்த வைத்தியத்துக்கு பேஷண்டே காசு குடுக்கணும்னு, ஒரு வரில ஒளிஞ்சிருக்கும். அந்த வரிய தேடிப் பாருங்க.

உள்ளூர்க்காரங்களுக்கு மொதல்ல. இதுல கொஞ்சம் நிக்கணும். மருந்துக்கு மடங்காத டிபிக்கு பெடாகுவிலின்னு ஒரு மருந்து, 2016ல இந்தியாவுக்கு வந்தப்போ முழு ஆராய்ச்சி முடியல, 600 பேருக்கு அளவா, அஞ்சு ஊர்ல 6 ஆஸ்பத்திரில மட்டும் குடுத்தாங்க. தெக்க சென்னை ஒண்ணு தான். அப்ப மதுரை பக்கத்துல தோப்பூர் ஆஸ்பத்திரில இருமிக்கிட்டு கெடந்தவருக்கு மருந்து 450 கிலோமீட்டர் தள்ளி. பாட்னால இருந்து ஒரு 18 வயசுப் பொண்ணு டெல்லிக்கு போனா, நீ டெல்லிக்காரி இல்லன்னு குடுக்க மாட்டேனுட்டாங்க. அப்பா ஹைகோர்ட்டுக்கு போனாரு, 2017 ஜனவரில அரசாங்கம் எறங்கி வந்து குடுக்குறோம்னு ஒத்துக்கிச்சு. மருந்த அளவா குடுத்ததுக்கு காரணம் இருந்துச்சு, கண்டபடி குடுத்தா கிருமி அந்த மருந்துக்கும் பழகிரும், இதயத் துடிப்புல மாத்தம் வருதான்னு ஈசிஜி எடுத்து பாத்துக்கிட்டே இருக்கணும். காரணம் சரி, ஆனா அதுக்கும் ரேசன் கார்டு அட்ரசுக்கும் என்ன சம்பந்தம்? ப்ரோட்டோகால்ல "ஆஸ்பத்திரில இருந்து 50 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும்"னு ஒரு வரி வந்தா உடனே கேளுங்க, பாலோ-அப்புக்கு தான் அந்த தூரம்னா பஸ் காசும் தங்குற செலவும் ஸ்பான்சர் (ட்ரையல நடத்துற கம்பெனி) குடுத்தா தீர்ந்துரும்ல? தீரும்னா அந்த வரிய எடுக்கச் சொல்லுங்க. அதே மாதிரி "ஸ்மார்ட்போன் இருக்கணும்", "படிக்கத் தெரியணும்", "கூட ஒரு ஆளு எப்பவும் இருக்கணும்" இதெல்லாம் ஏழையையும் தனியா இருக்க கெழவியையும் சத்தமில்லாம வெளிய தள்ளுற வரிங்க. "நல்லா ஒத்துழைக்கிற பேஷண்ட்"னு எழுதியிருந்தா செவப்பு மைல வட்டம் போடுங்க, எதுத்து கேள்வி கேக்காதவருன்னு தான் அதுக்கு அர்த்தம்.

சீட்டுப் போடுறது கேவலம் இல்ல

எல்லாம் வடிகட்டுன பிறகும் எடம் 6, தகுதியானவங்க 19 பேர்னு வந்துருச்சுன்னு வச்சுக்குவோம். இந்த எடத்துல டாக்டருங்க மார்க் போட ஆரம்பிப்பாங்க, இவருக்கு 7.5, அவருக்கு 7.25ன்னு. அந்த காலுக்கு அர்த்தம் ஒண்ணும் இல்ல, சும்மா மனசாட்சிக்கு போடுற பவுடர். சமம்னா சீட்டுப் போடுங்க.

உயிர் விசயத்துல சீட்டாங்கன்னு ஒரு மெம்பர் கண்டிப்பா கேப்பாரு. உத்திரமேரூர் கல்வெட்டுல பராந்தக சோழன் காலத்துல, ஊர் வாரியத்துக்கே தகுதி பாத்து, பேர ஓலைல எழுதி, குடத்துல போட்டு சின்னப் பையன விட்டு எடுக்கச் சொல்லியிருக்காங்கன்னு அவருக்கு சொல்லுங்க. இங்க அலங்காநல்லூர், பாலமேட்டுல கூட மாட்டுக்கு மொதல்ல டாக்டர் சர்டிபிகேட்டு, அப்பறம் தான டோக்கன், வாடிவாசல்ல நின்னு எந்த மாடு அழகுன்னு யாரும் மார்க் போடுறதில்லையே. மருத்துவத்துலயே பழசு இது. 1947 வாக்குல பிரிட்டன்ல ஸ்ட்ரெப்டோமைசின் கொஞ்சம் தான் இருந்துச்சு, டிபிக்காரங்க நெறய. பிராட்போர்டு ஹில்ங்கிற புள்ளியியல்காரர், எல்லாருக்கும் குடுக்க எப்படியும் பத்தாது, அப்ப யாருக்குன்னு குலுக்கலா முடிவு பண்ணி, மருந்து வேலை செய்யுதான்னும் சேத்துப் பாத்துருவோம்னாரு. 107 பேர், 55 பேருக்கு மருந்து, 52 பேருக்கு அப்ப வழக்கத்துல இருந்த படுக்கை ஓய்வு. ஆறு மாசத்துல மருந்து பக்கம் 4 சாவு, அந்தப் பக்கம் 14. பஞ்சத்தையே நியாயமா பயன்படுத்திக்கிட்டாரு மனுசன். அதே நேரம் கொஞ்ச நாள்லயே மருந்துக்கு கிருமி பழகிப் போச்சுன்னும் அந்த ட்ரையல்ல இருந்து தான் தெரிஞ்சுச்சு.

நம்ம ஊர் கதை இதவிட அழகு. 1956ல மெட்ராஸ்ல டிபி ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சப்போ பிரச்சினை மருந்து இல்ல, சானடோரியத்துல, அதாவது டிபிக்காரங்கள தங்க வச்சு வைத்தியம் பாக்குற ஆஸ்பத்திரில, பெட்டு. யாருக்கு பெட்டுன்னு மண்டைய ஒடைக்காம, 193 பேர குலுக்கல்ல பிரிச்சு பாதிப்பேர சானடோரியத்துலயும் பாதிப்பேர அவங்கவங்க வீட்டுலயும் வச்சு ஒரே மாத்திரைய குடுத்துப் பாத்தாங்க. நெருக்கமான வீடு, சத்தில்லாத சாப்பாடு, இருந்தும் வீட்டுல இருந்தவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு கொணமாச்சு. 1959ல ரிசல்ட் வந்ததும் உலகம் பூரா டிபிக்கு பெட்டு தேடுறதே கொறைஞ்சு போச்சு. அதனால சண்டைக்கு முன்னாடி ஒரு தடவை கேளுங்க, பத்தாம இருக்கறது நெஜமாவே அவசியமான பொருள் தானா, பாதி டோஸ் போதுமான்னு யாராவது பாத்தாங்களா.

சீட்டு போடுறதுக்கும் ஒரு முறை இருக்கு. லிஸ்ட்ட மூடுன தேதிக்கு அப்பறம் ஒரு பேரும் சேர்க்கக் கூடாது. பேருக்கு பதிலா நம்பர். எடுக்குறவர் அந்த டிபார்ட்மென்ட் ஆளா இருக்கக் கூடாது, பேஷண்ட் தரப்புல இருந்து ரெண்டு பேராவது பாத்துக்கிட்டு இருக்கணும். முக்கியமா, 6 சீட்டோட நிறுத்தாதீங்க, 19யும் எடுத்து வரிசை போட்டுருங்க, நாளைக்கு ஒருத்தர் வேணாம்னு வெலகுனா ஏழாவது ஆளு யாருன்னு அப்பவே தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா காலியான அந்த ஒரு எடத்துல தான் சிபாரிசு நுழையும்.

போன் வரும்

லிஸ்ட்டு போடுற வாரம் உங்க போன் சும்மா இருக்காது. சொந்தக்காரர், பழைய கிளாஸ்மேட், வார்டு கவுன்சிலரோட ஆளு, "அமைச்சர் ஆபீஸ்ல இருந்து பேசுறோம்"னு ஒரு கொரலு. மதுரைல ஒருத்தருக்கு ஒருத்தர் எப்படியும் மாமன் மச்சான் ஆயிருவோம், அதனால போனே வராதுன்னு நடிக்க வேணாம். "அண்ணே, பேர் பதிஞ்சிட்டீகளா? பதியலைன்னா இந்தத் தேதிக்குள்ள வந்து பதிஞ்சிருங்க, மத்தது என் கைல இல்ல"ன்னு சொல்லிட்டு வச்சிருங்க. அப்பறம் யார் பேசுனா, யாருக்காகன்னு அடுத்த மீட்டிங்ல வாய்விட்டு சொல்லி மினிட்ஸ்ல ஏத்துங்க. மினிட்ஸ்ல ஏறும்னு தெரிஞ்சா போன் பாதியா கொறைஞ்சிரும், இது அனுபவம். உங்க சொந்தமே லிஸ்ட்டுல இருந்தா எந்திரிச்சு வெளிய போயிருங்க, உள்ள உக்காந்துக்கிட்டு "நான் ஒண்ணும் பேசல"ன்னு சொல்றது செல்லாது.

ஆஸ்பத்திரி ஸ்டாப், நர்ஸ்களுக்கு முன்னுரிமை குடுக்கலாமான்னு கேப்பாங்க. தொத்து வியாதி பரவுற நேரத்துல, அவங்க படுத்தா வார்டே படுத்துரும்னா, அத மொதல்லயே விதில எழுதி எல்லாருக்கும் தெரியுற மாதிரி போர்டுல ஒட்டிட்டு குடுக்கலாம்ங்கிறது என் கட்சி, அதுலயும் கூட்டிப் பெருக்குற அக்காவ விட்டுட்டு டாக்டருக்கு மட்டும்னா நான் ஒத்துக்க மாட்டேன். சாதாரண கேன்சர் ட்ரையல்ல ஸ்டாப்போட மாமியாருக்கு ஒரு எடம்ங்கிறதுக்கு இந்த நியாயத்த இழுக்கக் கூடாது.

சம்மதம் வாங்குற ரூம்ல போயி உக்காருங்க

புது மருந்து ட்ரையல்ல, எளிதுல ஏமாறக் கூடிய நெலமைல இருக்கவங்க கிட்ட சம்மதம் வாங்குறத ஆடியோ வீடியோவுல பதியணும்னு சட்டம். அந்த வீடியோவ ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்க, முடிஞ்சா பேஷண்ட் சம்மதத்தோட நேர்லயே ஒரு ஓரமா உக்காருங்க. வழக்கமா இப்படி தான் இருக்கும். சின்ன ரூம், ட்ரைபாடுல கேமரா, ஜூனியர் டாக்டர் பதினாலு பக்க பாரத்த வேகமா வாசிக்கிறாரு, எதுத்தாப்புல சேலை முந்தானைய கைல சுருட்டிக்கிட்டு ஒரு அம்மா. "புரிஞ்சுச்சாம்மா?" "நீங்க பாத்து செஞ்சா சரித்தேன் சாமி." டிக் போட்டாச்சு. இது சம்மதம் இல்ல. அந்தம்மா கிட்ட திருப்பி கேக்கணும், "ஆத்தா, இந்த மருந்து கேட்டா கெடைக்குமா, இல்ல குலுக்கலா? வேணாம்னு சொன்னா இந்த ஆஸ்பத்திரில வைத்தியம் பாக்க மாட்டாகளா? இது கண்டிப்பா கொணமாக்கும்னு டாக்டர் சொன்னாரா?" மூணுக்கும் அவங்க வாயால, அவங்க வார்த்தைல பதில் வரணும். வரலைன்னா மறுநாள் திரும்ப விளக்கச் சொல்லுங்க. பாரத்துல இருக்க தமிழையும் ஒரு பார்வை பாருங்க, "யாதொரு பாதகமான நிகழ்வு ஏற்படின்"னு எழுதி வச்சா மேலூர் பக்கத்து விவசாயிக்கு என்ன புரியும், எனக்கே ரெண்டு தடவை படிக்க வேண்டியிருக்கு.

பஞ்சம் இருக்க எடத்துல இன்னொரு சங்கடம் இருக்கு. எடம் கெடைச்சதே பெருசுன்னு நெனக்கிறவரு ஆபத்தப் பத்தி எது சொன்னாலும் தலையாட்டுவாரு. அதனால குலுக்கல் ரிசல்ட்டு சொன்ன அன்னிக்கே கையெழுத்து வாங்கக் கூடாதுன்னு நாங்க வச்சிருக்கோம், வீட்டுக்குப் போயி பேசிட்டு வரட்டும். நோய் காத்திருக்காதுங்கிற கேஸா இருந்தா தவிர. ட்ரையல்ல ஏதாவது ஆச்சுன்னா வைத்தியம் இலவசம், ட்ரையலால தான் ஆச்சுன்னா நஷ்டஈடும் உண்டுன்னு சட்டத்துல இருக்கறத பாரம் பெரிய எழுத்துல சொல்லணும், கடைசிப் பக்கத்துல எறும்பு எழுத்துல இல்ல.

எடம் கெடைக்காதவங்க

கமிட்டிங்க அடியோட மறந்து போற ஆளுங்க இவங்க தான். மிச்ச 13 பேருக்கு யார் சொல்றது? ஹவுஸ் சர்ஜன் வராண்டால நின்னுக்கிட்டு "உங்களுக்கு இல்லம்மா"ன்னு சொல்லிட்டு போகக் கூடாது. சீனியர் டாக்டர் உக்கார வச்சு சொல்லணும், அதே நாள்ல சொல்லணும், காரணம் என்னன்னு சொல்லணும். மெடிக்கல் காரணம்னா அது என்னன்னு, குலுக்கல்னா குலுக்கல்னு. "அடுத்த பேட்ச்ல பாப்போம்"னு பொய் ஆறுதல் வேணாம், அந்த ஒரு வார்த்தைய நம்பி நகைய அடகு வச்சு மாட்டுத்தாவணி பக்கம் லாட்ஜ்ல தங்கி காத்துக் கெடக்குற குடும்பங்க இருக்கு. வழக்கமான வைத்தியம் ஒரு நாள் கூட நிக்காதுன்னு எழுதிக் குடுங்க. வேற எங்க ட்ரையல் நடக்குதுன்னு சிடிஆர்ஐங்கிற ட்ரையல் பதிவேட்டு வெப்சைட்ல பாக்கலாம், 2009ல இருந்து இந்தியால நடக்குற ட்ரையல் எல்லாம் அதுல பதிஞ்சாகணும், அத தேடி ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுக்குறது அரை மணி நேர வேலை. அரிய நோய்னா மத்திய அரசு திட்டத்துல 50 லட்சம் வரைக்கும் உதவி இருக்கு, தமிழ்நாட்டுக்கு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி தான் அதுக்கு மையம், அங்க ஒரு ரெபரல் லெட்டர் போட்டுக் குடுங்க. முடிவு தப்புன்னு அவங்க நெனச்சா யார் கிட்ட அப்பீல் பண்றதுன்னு ஒரு பேரும் நம்பரும் இருக்கணும், அந்த ஆளு முடிவெடுத்தவரா இருக்கக் கூடாது.

கடைசியா எடம் கெடைச்சவங்க பக்கம் ஒண்ணு. மருந்து வேலை செய்யுது, ஆளு எந்திரிச்சு நடக்குறாரு, ட்ரையல் முடிஞ்சு போச்சு, கம்பெனி கடைய கட்டிட்டு கெளம்பிருச்சுன்னா அவர் கதி? 2019 விதில இதுக்கு வழி இருக்கு, வேற மருந்து இல்லாத நோயா இருந்து, டாக்டரும் கமிட்டியும் பரிந்துரை செஞ்சா, ட்ரையலுக்கு அப்பறமும் அந்த மருந்த ஸ்பான்சர் இலவசமா குடுக்கணும். கமிட்டி பரிந்துரை இல்லாம அது நடக்காது, அதாவது நீங்க வாயத் தொறக்கணும். அப்ரூவல் குடுக்குறதுக்கு முன்னாடி ப்ரோட்டோகால்ல இது எந்தப் பக்கத்துல இருக்குன்னு பிஐ, அதாவது ட்ரையல் நடத்துற தலைமை டாக்டர் கிட்ட கேளுங்க. பக்கம் காட்ட முடியலைன்னா அன்னிக்கி கையெழுத்து போடாம அடுத்த மீட்டிங்குக்கு தள்ளி வைங்க, எம்புட்டு அவசரம்னு சொன்னாலும் சரி.